கொடி சுற்றும் பக்கம்

எதைக் கையில் கொடுத்தாலும் தில்கா ரொய்னிக் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பாள். தட்டு வாங்கக் கடைக்குப் போனால் தட்டின் அடிப்பக்கம், சட்டை வாங்கப் போனால் தையலின் உட்பக்கம், அடுப்பிலிருந்து ரொட்டி வந்தால் அதன் கருகிய அடி. அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்த ஒருவனின் தொப்பியை வாங்கி, மாட்டுவதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டாள் என்று கப்ரியே கிராமத்தில் ஒரு பேச்சு உண்டு. தொப்பிக்குள் என்ன கண்டாளோ தெரியாது, அவன் அப்புறம் வரவில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டு யாரும் பார்க்கவும் இல்லை.

ஊரில் அவளுக்குப் பெயர் 'பாப்போம்'. ஏழு வயதில் வைத்த பெயர்.

சவின்யா ஆற்றங்கரையில் ஹாப்ஸ் கொடி போடாத வீடு கிடையாது. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது இந்தக் கொடியின் பூதான் என்பதால், குடும்பம் குட்டி இல்லாத பாதிரியார்கூடக் கோயிலுக்குப் பின்னால் இரண்டு வரிசை வைத்திருந்தார். வசந்தத்தில் முளைவிட்ட கொடியைப் பெண்களும் பிள்ளைகளும் குனிந்து குனிந்து கம்பில் சுற்றிவிட வேண்டும். சூரியன் போகிற பக்கமாக, வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கரண்டியை எந்தப் பக்கம் வாய்க்குள் விடுவது என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

ஏழு வயது தில்காவுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. ஏன் அந்தப் பக்கம்? அப்பா யெர்னேவைக் கேட்டாள். "அந்தப் பக்கம்தான்" என்றார். அண்ணன் லோவ்ரோவைக் கேட்டாள். "வாயை மூடிட்டுச் சுத்து" என்றான். கிணற்றுப் பக்கத்து வரிசை அவள் பொறுப்பில் இருந்தது. அந்த வரிசை முழுவதையும் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, நழுவாமலிருக்க ஒவ்வொன்றையும் நாரால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்து சூப் குடித்தாள்.

காலையில் போய்ப் பார்த்தபோது, முடிச்சுக்கு மேலே இருந்த நுனிகளெல்லாம் கம்பை விட்டுவிட்டுக் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றன. சில ஏற்கெனவே திரும்பித் தங்கள் வழக்கமான பக்கமாக ஒரு சுற்றுப் போட்டிருந்தன. அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தபோது பின்னால் அப்பா வந்துவிட்டார். அவர் போட்ட சத்தம் கோயில் வரைக்கும் கேட்டதாம்.

"எதுக்குடி இப்படிப் பண்ணித் தொலைச்சே?"

"என்ன ஆகுதுன்னு பாப்போமேன்னுதான்."

அன்றிலிருந்து 'பாப்போம்'. கப்ரியேயில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் பசை மாதிரி, சுடுதண்ணீர் ஊற்றினாலும் போகாது. வாலிபத்தில் ஒரே ஒரு தடவை மாட்டுத்தொட்டிக்குள் விழுந்தவர், பேரன் பேத்தி எடுத்த பிறகும் 'தொட்டி'தான்.

பத்தொன்பது வயதில் தில்கா செல்யே நகரத்துக்குப் போனாள், கல்லச்சுப் பட்டறை ஒன்றில் வேலைக்கு. சந்தைக்குப் போன இடத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவர் கல்லின் மேலிருந்து ஒரு தாளை மூலையைப் பிடித்து உரித்துக்கொண்டிருந்தார். தாளில் ஒரு மீன். கல்லில் அதே மீன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், வாங்கிய முட்டைகளை அங்கேயே மறந்து வைத்துவிட்டாள்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "கல்லைத் தேய்க்கிறதுக்கு செல்யே வரைக்கும் போகணுமா? நம்ம தோட்டத்துல இல்லாத கல்லா?" என்றார். உயிரோடிருந்தவரை பட்டறை வாசலை அவர் மிதிக்கவில்லை. விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போனால், "என்ன, கல்லெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஊரிலேயே கேள்வி கேட்காத மனிதர் அவர். கேள்வி மட்டுமே கேட்கிற பெண் அவருக்குப் பிறந்துவிட்டாள். தன் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்காதது தில்காவுக்குக் கடைசிவரை உறுத்தியது. அவர் போய் ஆறு வருடமாகியும் உறுத்தியது.

பட்டறை வேலை அவளுக்குச் சலிக்கவே இல்லை. அந்தக் கல்லில் பள்ளமும் கிடையாது, மேடும் கிடையாது. கைவைத்துத் தடவினால் வழுவழுவென்று ஒரே சமமாக இருக்கும். அதன்மேல் கொழுப்புக் கலந்த மெழுகுப் பென்சிலால் வரைய வேண்டும். பிறகு பிசினும் துளி அமிலமும் கலந்து தடவிக் கழுவினால், வரைந்த இடம் எண்ணெயை ஞாபகம் வைத்துக்கொள்ளும், வரையாத இடம் தண்ணீரை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மை உருளையை ஓட்டினால், மை தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் போய் உட்காரும். எண்ணெயும் தண்ணீரும் போட்டுக்கொள்கிற சண்டையில் ஒரு படம் வருகிறது. முப்பது வருடமாக ஒவ்வொரு தடவை உருளை ஓடும்போதும் அவள் குனிந்து பார்ப்பாள், இந்தத் தடவை மை ஏமாந்துவிடுமோ என்று.

பல நிறப் படம் என்றால் இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு கல் வரைய வேண்டும். வெளிர் நிறம் முதலில், அழுத்தமான நிறம் கடைசியில். மஞ்சளின் மேல் நீலம் படிந்தால் பச்சை என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் எந்தப் பச்சை? மழைக்கு முந்தைய பச்சையா, மழை நின்ற பிறகு வருகிற பச்சையா? அது தாளை உரிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஓவியர்கள் அந்த நேரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். தில்கா தாளின் மூலையைப் பிடித்து மெதுவாக உரிப்பாள்.

படம் காய்ந்ததும் ஓவியர் பென்சிலால் கீழே தன் பெயரை எழுதுவார். தேய்த்தவள், மை போட்டவள், உரித்தவள் பெயர் எங்கும் வராது. அதில் தனக்கு வருத்தமில்லை என்று அவள் சொல்லிக்கொள்வாள். இருந்தது.

அண்ணன் லோவ்ரோ வேறு சும்மா இருக்க மாட்டார். "ஊர்ல இருக்கிறவங்க படத்தையெல்லாம் அச்சுப் போடுற. உன் படம் எங்கடி பாப்போம்?" என்பார். அவர் கேலியாகத்தான் கேட்பார். அவளுக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும்.

அவர்கள் நாடு பெரிய கூட்டு நாட்டிலிருந்து தனியாகப் பிரிந்து போவதற்கு முந்தைய கோடையில் அந்த வாய்ப்பு வந்தது. ஆண்டுதோறும் பூப்பறிப்புத் தொடங்கும்போது ஹாப்ஸ் விவசாயிகள் கொண்டாடுகிற விழாவுக்கு, விருந்தினர்களுக்குக் கொடுக்க ஒரு கல்லச்சுப் படம் வேண்டும் என்று கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டிருந்தார்கள். ஒரு பிரதி சட்டம் போட்டு மண்டபத்தில் நிரந்தரமாக மாட்டப்படும். ஒப்புக்கொண்ட ஓவியர் செர்ரி மரத்து ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பட்டறை முதலாளி பொகோமிர் ஸ்காசா கட்டுப்போட்ட ஓவியரைப் போய்ப் பார்த்துவிட்டு, நேராக வந்து தில்காவின் முன்னால் நின்றார்.

"நீயே வரைஞ்சிடு."

"நானா?"

"ஹாப்ஸ் கொடிதானே? நீ பொறந்து விழுந்ததே அதுலதான். உன் பேரையே போட்டுக்க."

இதில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு வருடமும் விவசாயிகளில் ஒருவரைக் கொடித்தலைவராகத் தேர்ந்தெடுத்து, தோளில் பட்டை அணிவித்து ஊர்வலம் விடுவார்கள். அந்த வருடத்துக் கொடித்தலைவர் லோவ்ரோ ரொய்னிக். முதல் படம் அவர் கையில்தான் கொடுக்கப்படும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், கிணற்றுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைந்தாள். கம்பெல்லாம் போய்க் கயிறு வந்திருந்தது. உயரக் கட்டிய கம்பியிலிருந்து தொங்கும் கயிறு, அதில் ஏறும் கொடி, ரம்பப்பல் இலைகள், கொத்துக்கொத்தாக வெளிர்பச்சைப் பூக்கள், ஓர் இலையில் செம்பொறி வண்டு, பின்னால் காலை மூட்டத்தில் மலை. லோவ்ரோ வரப்பில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னையும் அதுல போடுவியா?"

"வண்டு இருக்கே, போதாதா?"

பட்டறைக்கு வந்து வேலையைத் தொடங்கினாள். மற்ற ஓவியர்களின் படத்துக்கு எப்போதும் செய்வதையே செய்தாள். வரைந்ததன் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடு எடுத்து, அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, காவிப்பொடி தேய்த்துக் கல்லில் இறக்கினாள். கல்லில் எதிர்ப்பக்கமாக இருந்தால்தான் தாளில் நேராக வரும். பட்டறையில் ஒரு விதி உண்டு: எழுத்து, கடிகாரம், நத்தை, இந்த மூன்றும் படத்தில் இருந்தால் கல்லைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்காமல் மை போடக் கூடாது. நத்தை ஓடு எல்லாம் ஒரே பக்கமாகத்தான் சுழியும், ஒரு தடவை மாறி அச்சாகி மானம் போயிருக்கிறது. அதற்கென்றே ஒரு கைக்கண்ணாடி ஆணியில் தொங்கும். தன் படத்தில் இந்த மூன்றும் இல்லையே என்று தில்கா கண்ணாடியைத் தொடவே இல்லை. தன் ஊர்க் கொடியைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்கிற பெருமையும் கொஞ்சம் இருந்தது.

முதல் கல், எலுமிச்சை மஞ்சள். பூக்களும் இலையின் வெயில் விழும் பக்கமும் வந்தன. பெரிய கற்கள் பட்டறையில் இரண்டே இரண்டுதான். ஒன்றை அச்சடித்து முடித்ததும் மணல் போட்டுத் தேய்த்து அழித்துவிட்டு, அதிலேயே அடுத்த நிறத்தை வரைய வேண்டும். இரண்டாவது வெளிர்பச்சை. மூன்றாவது மலைக்கும் மூட்டத்துக்கும் ஒரு நீலம். பச்சையின் ஓரத்தில் நீலம் பட்ட இடத்தில் பனி விழுந்த இலையின் நிறம் வந்தது. அப்படி ஒரு நிறம் வரும் என்று தில்கா எதிர்பார்க்கவே இல்லை. அன்று அச்சு யந்திரத்தை இழுத்த பட்டறைப் பையன் சிரில், "அக்கா, இது உங்க கையா, தற்செயலா?" என்று கேட்டான்.

"எனக்கே தெரியலடா. இன்னொண்ணு போட்டுப் பாப்போம்."

நாலாவது கல் செம்பழுப்பு. கயிறும், அதைச் சுற்றும் தண்டும். இதுவரை நிறத்திட்டுகளாக மிதந்துகொண்டிருந்த இலைகளும் பூக்களும் இந்தக் கல்லோடு தண்டில் வந்து ஒட்டிக்கொண்டன. கொடியின் நுனி இளசு, அதன் நிறம் வேறு என்பதால் அதை மட்டும் கடைசிக் கல்லுக்கு ஒதுக்கியிருந்தாள். எல்லாத் தாள்களையும் காயப்போட்டுவிட்டு, திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு பின்கட்டு மாடத்துக்குப் போனாள்.

அங்கே சிரில் பழைய மைத் தகரங்களில் மண் போட்டு அவரை வளர்த்திருந்தான். சிவப்புப் பூ விடுகிற அவரை, கயிறு பிடித்து மேலே ஏறியிருந்தது. தில்கா அதைப் பார்த்தாள். அச்சு அசல் நம் படம் மாதிரியே இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த நொடி அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

அவரை எதிர்ப்பக்கம் சுற்றுகிற கொடி. ஹாப்ஸ் வலஞ்சுழி, அவரை இடஞ்சுழி. கயிற்றின் முன்பக்கமாக ஹாப்ஸ் வலமிருந்து இடமாக ஏறும். அவரை இடமிருந்து வலமாக ஏறும். அவள் உள்ளே ஓடித் தாளைப் பார்த்தாள். இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டிருந்தது.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. முப்பது வருடமாக எல்லாவற்றையும் எதிர்ப்பக்கமாகவே வரைந்து பழகிய கை, கிணற்றடியில் உட்கார்ந்தபோதே, சொல்லாமல் கொள்ளாமல் கொடியை எதிர்ப்பக்கமாக வரைந்துவிட்டது. அதை அவள் வழக்கம்போல் இன்னொரு தடவை திருப்பியிருக்கிறாள். கல்லில் கொடி சரியாகத் தெரிந்தது. கல்லில் சரியாகத் தெரிந்ததாலேயே கண் குறை சொல்லவில்லை. கல்லச்சுக்காரியைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்புப் பண்ண வராது.

ஸ்காசா வந்து பார்த்தார். தலையை அந்தப் பக்கம் சாய்த்தார், இந்தப் பக்கம் சாய்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு? எந்தப் பக்கம் சுத்துதுன்னு எவன் பாக்கப் போறான்?"

"ஒருத்தன் விடாமப் பாப்பான், முதலாளி. அந்த மண்டபத்துல இருக்கிற அத்தனை பேரும் கையால சுத்தினவங்க."

"மறுபடி அடிக்கலாமா?"

"மஞ்சக் கல்லையும் பச்சைக் கல்லையும் தேச்சு அழிச்சாச்சு. இந்தத் தாளும் தீந்துபோச்சு. திருவிழா வேற வாசல்ல வந்து நிக்குது."

சிரில் எட்டிப் பார்த்தான். "அக்கா, பேசாம நாலு சிவப்புப் பூ போட்டு அவரைன்னு சொல்லிடுங்களேன்."

"ஹாப்ஸ் திருவிழாவுக்கு அவரைப் படமா? எங்க அண்ணன் தோள்ல அவரைக்காயைத் தோரணமாக் கட்டி ஊர்வலம் விடுவாங்கடா!"

மூவரும் சிரித்தார்கள். தில்காவின் சிரிப்புதான் முதலில் நின்றது. இனி கப்ரியேயில் அவள் 'அவரைக்காரி'. அவளைப் புதைக்கும்போதுகூட அவரைக்காரி போய்விட்டாள் என்றுதான் சொல்வார்கள். அதுகூடப் பரவாயில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் பெயர் ஒரு படத்தின் கீழே வரப்போகிறது, அந்தப் படத்தில் அவள் பிறந்து வளர்ந்த கொடியே தப்பு.

ஸ்காசா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "கேளு தில்கா. உன் பேரைப் போடாம விட்டுடு. பட்டறை செஞ்சுதுன்னு போகட்டும். சிரிச்சாலும் என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போறாங்க. நான் செல்யேக்காரன், எனக்கென்ன தெரியும்?"

நல்ல மனிதர். அவர் சொன்னது நியாயம். தில்காவும் சரி என்று தலையாட்டிவிட்டாள். தலையாட்டிய பிறகு மனசு கேட்கவில்லை. மாடத்தில் போய் நின்று அவரையை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் ஒரு நார் இருந்தது. என்ன நினைத்தாளோ, அவரையின் ஓர் இளந்தளிரைக் கயிற்றிலிருந்து பிரித்து, எதிர்ப்பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றி, நழுவாமல் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"எதுக்கு அக்கா?" என்றான் சிரில்.

"பாப்போமே."

மறுநாள் காலை பட்டறைக் கதவைத் திறந்ததும், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மாடத்துக்குப் போனாள். முடிச்சுக்குக் கீழே கொடி அவள் சுற்றிய பக்கமாகவே, கட்டுப்பட்டு நின்றது. முடிச்சுக்கு மேலே நுனி கயிற்றை விட்டுவிட்டு வெளியே வந்து, காற்றில் வளைந்து, தேடி, தன் பக்கமாகத் திரும்பிக் கயிற்றை மறுபடி தொட்டிருந்தது. ஏழு வயதில் கிணற்றடியில் பார்த்தது அப்படியே. தில்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தாள். அந்த வளைவில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை. எப்படித் திரும்புவது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

சிரிலும் அவளுமாகக் கடைசிக் கல்லைத் தூக்கி மாடத்துக்கே கொண்டுவந்து வைத்தார்கள். எதிர்ப்பக்கம் சுற்றப்பட்ட அவரை பார்வைக்கு ஹாப்ஸ் மாதிரி இருந்தது. அது திரும்பிய பக்கம் அவரையின் பக்கம். கண்ணுக்கு முன்னால் இருந்ததை இருந்தபடியே கல்லில் வரைந்தால், தாளில் எல்லாம் புரண்டு, தப்பாகச் சுற்றப்பட்டுத் தன் பக்கம் திரும்புகிற ஹாப்ஸ் நுனியாக விழும். அவள் நார் முடிச்சை வரைந்தாள். முடிச்சுக்கு மேலே கயிற்றை விட்டு வெளியேறிய நுனியை, அதன் தேடலை, அது திரும்பிப் போட்ட ஒற்றைச் சுற்றை வரைந்தாள். வரைந்து முடித்து ஆணியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துக் கல்லுக்கு நேரே பிடித்தாள். சிரிலையும் பார்க்கச் சொன்னாள், ஸ்காசாவையும் பார்க்கச் சொன்னாள்.

வண்டுக்கு ஐந்தாவது கல்லில் ஒரு சிவப்புப் போட்டு முடித்து, ஆறாவதாக நுனியின் கரும்பச்சையை அச்சடித்தார்கள். முதல் தாளை உரித்தபோது தில்கா வழக்கத்துக்கு மாறாகக் கண்ணை மூடிக்கொண்டாள். சிரில்தான், "அக்கா, திரும்பிடுச்சு" என்றான்.

தாள்கள் காய்ந்ததும் ஸ்காசா பென்சிலை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஒவ்வொன்றின் கீழேயும் 'தில்கா ரொய்னிக்' என்று எழுதினாள். முதல் இரண்டு தாள்களில் கையெழுத்துக் கோணலாகப் போனது.

திருவிழா அன்று கப்ரியே மண்டபம் பித்தளை வாத்திய முழக்கத்தில் அதிர்ந்தது. லோவ்ரோ தோளில் பட்டையும் தொப்பியில் ஹாப்ஸ் பூவுமாக, புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றார். சட்டம் போட்ட படத்தின் துணியை விலக்கினார்கள். கைதட்டல் எழுந்தது. தட்டிக்கொண்டே முன்னால் வந்த பக்கத்துத் தோட்டக்காரர் வின்கோ பாதியில் கையை நிறுத்தினார்.

"அடேய், இது ஹாப்ஸ் இல்லடா, அவரை! லோவ்ரோ, உன் தங்கச்சி உன்னை அவரைக்குத் தலைவராக்கிட்டாடா!"

மண்டபமே சிரித்தது. சிலர் கையை உயர்த்தி, காற்றில் கொடி சுற்றுகிற மாதிரி எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் காட்டினார்கள். தில்கா சுவரோரமாக நின்றாள். காது இரண்டும் எரிந்தன. மேலே பாருங்கள், நுனியைப் பாருங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. படத்துக்கு வாய் இருந்தால் அதுவே பேசட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

லோவ்ரோ சிரிக்கவில்லை. பையைத் தடவி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார். சட்டத்தின் கண்ணாடி மேல் விரலை வைத்து, கொடியோடு கூடவே மேலே ஏறினார். தப்பு, தப்பு, இன்னும் தப்பு. விரல் முடிச்சுக்கு வந்து நின்றது. முடிச்சைத் தாண்டியது. வெளியே வந்த நுனியோடு வளைந்து, திரும்பி, அந்தக் கடைசிச் சுற்றைச் சரியான பக்கமாகச் சுற்றி நின்றது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் சிரிப்பு அடங்கியது. வின்கோவும் கிட்டே வந்து குனிந்து பார்த்து, "அட, திரும்புதே!" என்றார்.

"கிணத்து வரிசை," என்றார் லோவ்ரோ. திரும்பித் தங்கையைத் தேடினார். "ஏய், இங்க வா."

தில்கா வந்தாள்.

"இது உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நான்தானே சுத்தினேன். நீயும்தான் கூட இருந்து திரும்பச் சுத்தினே, என்னைத் திட்டிக்கிட்டே."

"அதை நான் கேக்கல. அப்பா பண்ணினதை."

"அப்பா என்ன பண்ணினார்?"

லோவ்ரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீ செல்யே போன வருஷத்துலேர்ந்து, ஒவ்வொரு வசந்தத்துலயும், கிணத்து வரிசைல கடைசிக் கொடி ஒண்ணை மட்டும் எதிர்ப்பக்கமாச் சுத்தி முடிச்சுப் போடுவார். மறுநாள் காலைல எந்திரிச்சதும் பல்லுகூட விளக்காம முதல்ல அதைப் போய்ப் பாப்பார். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பார். எதுக்குப்பா ஒரு கொடியை வீணாக்குறேன்னு ஒருநாள் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'பாப்போமே'ன்னார்."

தில்கா அண்ணனின் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் கேட்காத குரலில், "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

"சொல்லக் கூடாதுன்னுட்டார். தெரிஞ்சா சிரிப்பாளாம்." லோவ்ரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் போனதுக்கப்புறம் நான் சுத்துறேன். ஏன்னு கேக்காதே. விட மனசு வரல."

"இந்த வருஷமும்?"

"போய்ப் பாரு. உன் ஸ்டூலுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. நீ முன்னாடி இருக்கிறதையே வரைஞ்சிட்டு இருந்தே."

வெளியே ஊர்வலம் கிளம்பிக்கொண்டிருந்தது. தில்கா அதில் சேரவில்லை. பளபளவென்று தேய்த்த நல்ல செருப்போடு வரப்பில் இறங்கி, கிணற்று வரிசையின் கடைசிவரை நடந்தாள். கடைசிக் கொடிக்கு முன்னால் மண்டியிட்டு, இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழங்கால் உயரத்தில் நார் முடிச்சு இருந்தது. முடிச்சுக்குக் கீழே கொடி எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. முடிச்சுக்கு மேலே தன் பக்கம் திரும்பி, கம்பி வரைக்கும் ஏறிப் பூத்திருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவிலும் முடிச்சைக் கையிலெடுத்து, அது எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.